'ரன்அவுட்'டுக்குத் தமிழில் என்ன? (படகு ஷாப்டு, அதிர்வு, இன்ன பிற)

திருவொற்றியூரிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பாய்ப்படகுகளில் இருக்கும் சின்ன டீசல் இன்ஜின்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதிர்வைக் கண்டுபிடிக்கும் அத்தியாயத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். வைப்ரேஷன், மிஸ்அலைன்மென்ட், ரன்அவுட், இம்பேலன்ஸ், ரெசனன்ஸ் என்று ஐந்தும் ஒரே பக்கத்தில் வருகின்றன. இதுவரை வைத்திருப்பவை: அதிர்வு, சீரின்மை, சீர்கேடு, சமனின்மை, ஒத்ததிர்வு. எழுதி முடித்துப் படித்தால் எது எதுவென்று எனக்கே புரியவில்லை. 'கட்லெஸ் பேரிங்' என்பதற்குக் 'குறுவாள் தாங்கி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பெரம்பூரிலிருந்து:

அம்மா, ஐந்து சொல் எதற்கு? 'அதிர்வு' என்ற வேர்ச்சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் அடைமொழி சேர்த்தால் போதும். அச்சதிர்வு, சுழலதிர்வு, எடையதிர்வு. ரன்அவுட்டுக்கு 'ஓட்டவிலகல்' என்று ஓர் அகராதியில் பார்த்த நினைவு. ஒரே குடும்பமாக இருந்தால் படிப்பவருக்கும் எளிது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அம்மாவுக்கும் பெரம்பூர் ஐயாவுக்கும் வணக்கம். மடல் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் குறுவாளை உறையில் போட்டுவிடுவோம். அம்மா நினைத்தது 'கட்லஸ்' என்ற வாள், இது 'கட்லெஸ்'. புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டுதான் ஷாப்டு. அது படகின் அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பித்தளைக் குழாய், அதன் உள்ளே ரப்பர், ரப்பரில் நீளவாக்கில் பள்ளங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது, கடல்தண்ணீரே மசகு. மணல் கலந்த தண்ணீர் உள்ளே போனாலும் பள்ளம் வழியாக வெளியேறிவிடும், ஷாப்டை அறுக்காது. அதனால் 'வெட்டாதது' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிலேயே பலர் வாள் என்றுதான் எழுதுகிறார்கள், ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த காசிமேட்டு மெக்கானிக் இதை 'ரப்பர் புஷ்' என்பார். நான் அதையே போடுவேன்.

அடுத்து ரன்அவுட், அதாவது ஷாப்டு நேராகச் சுற்றாமல் கோணலாகச் சுற்றுவது. ராயபுரத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் ஷாப்டு யாருக்கும் நினைவுக்கு வராது, 'யாரு, எந்த ஓவர்ல?' என்றுதான் கேட்பார்கள். 'ஓட்டவிலகல்' என்பது ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்துத் தனித்தனியாகத் தமிழில் ஒட்டியது. யாராவது ஓட்டத்திலிருந்து விலகிவிட்டாரோ என்று தோன்றுகிறது. தடகளத்துக்கு வேண்டுமானால் ஆகும்.

பெரம்பூர் ஐயாவின் ஒரே குடும்ப யோசனையை நான் ஏன் ஒப்பவில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கையைச் சுட்டுக்கொண்ட கதை.

நண்பர் ஒருவருக்கு 28 அடிப் பாய்ப்படகு. சென்னையில் பாய்ப்படகா என்று கேட்பவர்களுக்கு: 1911இல் தொடங்கிய யாட் கிளப் ஒன்று இங்கே துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை. படகில் இரண்டு சிலிண்டர் டீசல், 2:1 கியர். 1,800 சுற்றில் இன்ஜினை வைத்தால் அடுக்களைக் கரண்டிகள் எல்லாம் பேச ஆரம்பிக்கும். காலடிப் பலகை வழியாகப் பல்லுக்குள் ஏறும் நடுக்கம். ஒருவரைக் கூப்பிட்டோம். 'அலைன்மென்ட் அவுட்டு' என்றார், அதாவது இன்ஜினும் ஷாப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லையாம். இன்ஜின் மவுண்டுகளுக்கு அடியில் தகடு வைத்து ஒரு நாள் முழுக்க வேலை செய்தார், பணம் வாங்கிக்கொண்டு போனார். நடுக்கம் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொருவர். அவரும் பார்த்துவிட்டு 'அலைன்மென்ட் அவுட்டு' என்றார். மறுபடியும் தகடு, மறுபடியும் பணம்.

அதற்கப்புறம்தான் நாங்களே உட்கார்ந்தோம். நியூட்ரலில் அதே 1,800 சுற்றில் ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் இல்லை. அப்படியானால் இன்ஜினின் மேல் சந்தேகம் குறைகிறது, கியருக்குப் பின்னால் இருப்பதில்தான் கோளாறு. ஒரு பையன் முங்கிப் பார்த்தான். புரொப்பல்லரில் ஓர் இதழில் மட்டும் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) மொத்தையாக ஒட்டியிருந்தது, ஷாப்டில் நைலான் நரம்பு சுற்றியிருந்தது. சுரண்டி அறுத்து எடுத்ததில் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றை இறக்கி, போனை இன்ஜின் படுகையின் மேல் வைத்தோம். இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 என்றால் நொடிக்கு 30. ஷாப்டு அதில் பாதி, நொடிக்கு 15. மூன்று இதழ் புரொப்பல்லர் என்பதால் இதழ்கள் தண்ணீரை அடிப்பது நொடிக்கு 45. செயலி காட்டிய உச்சி 15இல் இருந்தது.

கியர்பாக்ஸையும் ஷாப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றினோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கியர்பாக்ஸ் பக்கத்து வட்டத்தகடும் ஷாப்டு பக்கத்து வட்டத்தகடும் முகத்தோடு முகம் சேர வேண்டும். தொங்கும் ஷாப்டைத் தாங்கிப் பிடித்து, இரண்டையும் மெல்லச் சேர்த்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு இடத்தில் இடைவெளி பார்க்க வேண்டும். நான்கு அங்குலத் தகடென்றால் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதைத் தரையில் ஏற்றி வைத்துப் பார்த்துப் பயனில்லை. தண்ணீரில் இறக்கி ஒரு நாளாவது விட்டு, பாய்மரக் கம்பிகளை வழக்கம்போல் இறுக்கிய பிறகு பார்க்க வேண்டும். கம்பி இறுகும்போது படகின் உடம்பே வளையும். பாய்ப்படகுக்கே உரிய தொல்லை இது, காசிமேட்டு விசைப்படகுக்குக் கிடையாது.

எங்களுக்குக் கீழ்ப்பக்கத்தில் 0.3 இருந்தது. முன்னால் வந்த இருவரும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் தகடு வைக்கக் கிளம்பியிருப்பார்கள். அவர்கள் செய்யாதது ஒன்றுதான்: கியர்பாக்ஸ் தகட்டை அசையாமல் வைத்துக்கொண்டு ஷாப்டை மட்டும் கால் சுற்று திருப்பிப் பார்க்கவில்லை. நாங்கள் திருப்பினோம். கீழே இருந்த இடைவெளி பக்கவாட்டுக்கு வந்தது. இன்னொரு கால் சுற்று, மேலே போனது. ஷாப்டோடு சேர்ந்து இடைவெளியும் சுற்றியது.

ஷாப்டைத் திருப்பியும் இடைவெளி கீழேயே நின்றிருந்தால் இன்ஜின் இருக்கும் இடம் தவறு. தகடு வைத்தால் சரியாகும். சுற்றினால் ஷாப்டு வளைந்திருக்கிறது, அல்லது அதன் தகடு நேராகக் கடையப்படவில்லை. அதற்கு மவுண்டுக்கு அடியில் இரும்புக்கடையையே கொண்டுபோய் வைத்தாலும் தீராது. ஷாப்டை உருவி லேத்தில் ஏற்றிச் சுற்றவிட்டு, கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். வளைந்துதான் இருந்தது.

இரண்டு வேறு நோய்களுக்கு 'அலைன்மென்ட் அவுட்டு' என்று ஒரே பெயர். அதனால் இரண்டு முறை பணம் போயிற்று. பெரம்பூர் ஐயா, நீங்கள் சொல்லும் அச்சதிர்வும் சுழலதிர்வும் அதே தவறைத் தமிழில் செய்கின்றன. அதிர்வு நோயின் அறிகுறி. காய்ச்சலுக்கெல்லாம் 'காய்ச்சல்' என்று பெயரிட்டால் மருந்து எப்படிக் கொடுப்பது?

என் முன்மொழிவு: நிற்கும் தவறுக்கு (மிஸ்அலைன்மென்ட்) 'பிசகு', சுற்றும் தவறுக்கு (ரன்அவுட்) 'கோட்டம்'.

பிசகு உங்களுக்கே தெரியும். கை பிசகியது, எலும்பு பிசகியது என்போம். தன்னளவில் உடையாத ஒன்று இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்வது. கோட்டம் சைக்கிள் கடையில் கேட்டது. சின்ன வயதில் ரிம் கோணிப்போனால் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை நிலையாகப் பிடித்து, எங்கே உரசுகிறதோ அங்கே ஆரக்கம்பியை முடுக்கிக் கோட்டம் எடுப்பார். சாக்பீஸ் நிற்கிறது, கோட்டம் சுற்றி வருகிறது. டயல் வைத்து லேத்காரர் செய்ததும் இதேதான். கடைக்காரர் சொல் என்று தயங்குபவர்களுக்கு: 'சொற்கோட்டம்', 'உட்கோட்டம்' இரண்டும் நடுவுநிலைமை அதிகாரத்தில் ஒரே குறளில் இருக்கின்றன, 'செப்பம்' என்பதற்கு எதிராக. ஆக அலைன்மென்ட்டுக்கே செப்பம் என்று வைத்துவிடலாம்.

மற்றவை: இம்பேலன்ஸ், அம்மாவின் சமனின்மை போதும். ரெசனன்ஸ், பாடநூலில் உள்ள ஒத்ததிர்வு, அதைத் தொட வேண்டாம். ரப்பர் புஷ் தேய்ந்து ஷாப்டு லொடலொடப்பது 'ஆட்டம்'. ஒரு அங்குல ஷாப்டில் அரை நூல் ஆட்டம் வந்துவிட்டால் புஷ்ஷை மாற்றிவிட வேண்டியதுதான். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று என்று அடிக்குறிப்பு போடுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ரெசனன்ஸ் எங்கட பாடநூல்களில் 'பரிவு'. அதிர்வெண் எங்களுக்கு 'மீடிறன்'. கையேடு இஞ்சயும் வாசிக்கப்படும் எண்டால் ஒருக்கா அடைப்புக்குள்ள போட்டுவிடுங்கோ.

எண்ணூரிலிருந்து:

தம்பி, கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு சின்னத் திருத்தம். செயலியில் 15 என்றதும் ஷாப்டு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். உங்கள் இரண்டு சிலிண்டரில் ஒன்று இன்ஜெக்டர் கோளாறால் சோம்பியிருந்தால் அதுவும் 1,800 சுற்றில் நொடிக்கு 15 என்றே காட்டும். 2:1 கியரில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நியூட்ரலில் நடுக்கம் இல்லை என்பதும் முழுச் சான்று ஆகாது. சுமை ஏறினால்தான் தலைகாட்டும் கோளாறுகள் உண்டு.

பெரம்பூரிலிருந்து:

குறளைக் காட்டியதும் வாயடைத்துவிடும் என்று நினைத்தீர்களா? கோட்டம் என்றால் கோயில். கோட்டம் என்றால் மின்வாரிய அலுவலகம். 'தண்டுக்கோட்டத்தைச் சரிபார்க்கவும்' என்று கையேட்டில் போட்டால் தண்டையார்பேட்டைக்காரர் கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எண்ணூர் அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. 15ஐ மட்டும் நம்பி ஷாப்டை உருவியிருந்தால் அது குருட்டு அதிர்ஷ்டம். கப்ளிங்கைத் திறந்து பார்த்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அம்மா, இதைக் கையேட்டில் சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

பெரம்பூர் ஐயா, கரண்ட் பில் அடி சரியாகப் பட்டது. ஆனால் 'படி' என்றால் ஏறுவதும் படிப்பதும் அளப்பதும். நாம் குழம்பியா போனோம்?

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனபோது அந்த ரப்பர் புஷ் மெக்கானிக்கிடமே கேட்டுவிடுவோம் என்று போனேன். ஒரு விசைப்படகில் கிளாண்டு கயிறு (ஷாப்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் கயிறு) மாற்றிக்கொண்டிருந்தார். சட்டமாக விளக்கினேன்: இடைவெளி நின்றால் பிசகு, சுற்றினால் கோட்டம், எப்படி இருக்கிறது அண்ணே? கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

'பிசகா? அது இன்னா சார், மாவுக்கட்டு போடப் போறியா? ரெண்டுமே கோட்டம்தான். நிக்கிற கோட்டமா, சுத்துற கோட்டமா, அத்த மொதல்ல பாக்கணும். நிக்கிறதுன்னா நான் பாத்துப்பேன், சுத்துறதுன்னா லேத்துக்குப் போ.'

இரண்டு நாள் மண்டையை உடைத்து நான் பிரித்ததை அவர் இரண்டு வினைச்சொல்லில் முடித்துவிட்டார். அதோடு எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. பிசகு, கோட்டம் என்று இரண்டு பெயரைக் கொடுத்தால் எது எது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். நிற்பது, சுற்றுவது என்றால் ஷாப்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். என் பிசகைத் திரும்பப் பெறுகிறேன். மிஸ்அலைன்மென்ட் நில்கோட்டம், ரன்அவுட் சுழல்கோட்டம்.

பெரம்பூரிலிருந்து:

மெக்கானிக்குக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் நிற்கோட்டம், சுழற்கோட்டம் என்றல்லவா புணர வேண்டும்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

வினைத்தொகை ஐயா. கொல்களிறு கொற்களிறு ஆவதில்லை, சுழல்காற்று சுழற்காற்று ஆவதில்லை.

திருவொற்றியூரிலிருந்து:

நில்கோட்டம், சுழல்கோட்டம், சமனின்மை, ஆட்டம், ஒத்ததிர்வு (பரிவு), ரப்பர் புஷ். பதிந்துவிட்டேன், எண்ணூர் அண்ணனின் எச்சரிக்கை கட்டம் கட்டி வரும். அடுத்த அத்தியாயம் ஸ்டஃபிங் பாக்ஸ், அந்தக் கிளாண்டு கயிறு உட்காரும் இடம். 'திணிப்புப் பெட்டி' என்று எழுதி வைத்திருந்தேன். தண்டையார்பேட்டைத் தம்பியின் மடலில் 'கிளாண்டு கயிறு' என்று வந்ததைப் பார்த்துவிட்டு இப்போது அடித்துக்கொண்டிருக்கிறேன்.