பழைய பிரிட்டிஷ் லாரிகளை ஒழித்தது யார்: அரசா, ஸ்வீடன்காரனா, முதலாளியா?

லங்காஷயர்வாசி:
நான் இருப்பது வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரஸ்டன் பக்கம். லேலண்ட் லாரிக் கம்பெனியின் ஊரான லேலண்ட் இங்கிருந்து கூப்பிடு தூரம். கோடை வந்துவிட்டால் ஏதாவது ஒரு மைதானத்தில் பழைய லாரிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற டிரைவர்கள். எழுபது, எண்பது வயது. ஒரு வார்த்தை பேச்சுக் கொடுத்தால் போதும், மாலைவரை விடமாட்டார்கள். எட்டுச் சக்கர ஏஇசி மாமத் மேஜர், கார்ட்னர் எஞ்சின் போட்ட அட்கின்சன், ஃபோடன் டூ ஸ்ட்ரோக் போடும் கூச்சல், ரயில்வே சரக்கோடு சந்துகளில் சுற்றிய மூன்று சக்கர ஸ்காமெல் ஸ்காராப். ஒவ்வொன்றையும் நேற்றுதான் இறக்கிவிட்டு வந்ததுபோலச் சொல்வார்கள்.

என் கட்சி இதுதான். அவை உலகத்தில் எதற்கும் குறையாத வண்டிகள். அவற்றை ஒழித்தவை இரண்டு அரசாங்க முடிவுகள். ஒன்று, 1947 சட்டப்படி தொலைதூர லாரித் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. மற்றது, 1968ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேலண்டை நொடித்துப்போன கார் கம்பெனிகளோடு சேர்த்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆக்கியது. மறுப்பவர்கள் வரலாம்.

கிரீஸ்கை:
வந்துவிட்டேன். இங்கிலாந்தில் லாரிப் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் கை கறுத்தவன் நான். நீங்கள் மைதானத்தில் பார்ப்பது பெயின்ட் அடித்த லாரி. உள்ளே ஏறிப் பார்த்தீர்களா? அட்கின்சன் கேபின் மரச்சட்டத்தின் மேல் ஃபைபர்கிளாஸ். முன்னால் ஒரு இடி வாங்கினால் மிஞ்சுவது டிரைவரின் அதிர்ஷ்டம் மட்டும்தான். ஹீட்டர் கேட்டால் முதலாளி முறைப்பார். அதே காலத்தில் ஸ்வீடனில் கேபினைச் சட்டப்படி இடித்துச் சோதித்துப் பார்த்துத்தான் விற்றார்கள். 1967ல் வால்வோ எஃப்86 பிரிட்டனுக்குள் வந்தது. ஹீட்டர் உண்டு, கியர் சுலபமாக விழும் சிங்க்ரோமெஷ், எஞ்சினைத் தொட கேபின் முன்னால் சாயும். அதற்குப் பின்னால் எஃப்88. அரசாங்கம் கொன்றதாம்! மார்கெட்டில் ஒழுங்கான வண்டி வந்தது, ஒழுங்கில்லாத வண்டி போனது.

லங்காஷயர்வாசி:
கேபின் சாய்வது ஸ்வீடன்காரன் கொண்டுவந்த அதிசயம் இல்லை ஐயா. லேலண்டின் எர்கோமேட்டிக் கேபின் 1964லேயே சாய்ந்தது. வலிமை பற்றிப் பேசுகிறீர்களே, 1964ல் லண்டனிலிருந்து ஆப்கானிஸ்தானின் காபூல்வரை சரக்கோடு போன முதல் வண்டி எது? வுல்வர்ஹாம்ப்டனில் 'கை' (Guy) என்ற கம்பெனி செய்த வாரியர் லாரி. ஏஷியன் டிரான்ஸ்போர்ட் என்ற கம்பெனி அதில்தான் தொடங்கியது.

கிரீஸ்கை:
தொடங்கியது சரி. பிறகு அதே கம்பெனி மத்தியக் கிழக்குக்கு எதை ஓட்டியது? ஸ்கேனியா. கிழக்குத் துருக்கியில் தாஹிர் மலையேற்றம் என்று அந்தக்கால டிரைவர்கள் பயந்து பயந்து சொல்வார்களே, அங்கே பனியில் மாட்டிக்கொண்டவனுக்குப் படுக்க ஒரு கட்டில் வேண்டும், கால் சூடாக இருக்க வேண்டும். உங்கள் வாரியர் அதைக் கொடுத்ததா?

பழையகணக்கு:
கொஞ்சம் பொறுங்கள், இரண்டு விஷயம் குழம்புகிறது. 1947 சட்டம் நாட்டுடைமை ஆக்கியது லாரி ஓட்டும் கம்பெனிகளை. லாரி செய்யும் கம்பெனிகளை அல்ல. ஃபோடன், ஈஆர்எஃப், அட்கின்சன், லேலண்ட், ஏஇசி எல்லாம் தனியார் கையிலேயே இருந்தன. பிக்ஃபோர்ட்ஸ், மான்செஸ்டரின் ஃபிஷர் ரென்விக் மாதிரி நூற்றுக்கணக்கான கம்பெனிகளைச் சேர்த்து 1948ல் பிரிட்டிஷ் ரோட் சர்வீசஸ் என்ற பிஆர்எஸ் உருவானது. உச்சத்தில் அதனிடம் சுமார் 40,000 வண்டிகள். வெளியே நின்ற தனியார் லாரி, தன் டிப்போவிலிருந்து 25 மைலுக்கு மேல் போக அனுமதி வாங்க வேண்டும். 1951ல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேட்டிவ் அரசு 1953ல் சட்டம் போட்டுத் திரும்ப விற்கத் தொடங்கியது, எல்லாம் விற்றும் முடியவில்லை.

இதில் லாரி செய்பவனுக்கு நஷ்டம் உண்டா? ஒரு இடத்தில் உண்டு. அரசு தன் கையிலிருந்த பிரிஸ்டல் பஸ் ஆலையிலேயே 1952 முதல் பிஆர்எஸ்ஸுக்கு எட்டுச் சக்கர லாரி செய்துகொண்டது. வெளியாருக்கு விற்கவில்லை. ஆனால் அந்த பிரிஸ்டலுக்கும் எஞ்சின் போனது லேலண்டிலிருந்துதான். ஆக முதல் குற்றச்சாட்டு நிற்காது. இரண்டாவதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

லங்காஷயர்வாசி:
கொஞ்சமா? லாரியில் சம்பாதித்ததைக் கார்களில் கொட்டினார்கள். லாரிக்குப் புது கேபின் செய்யப் பணம் இல்லாமல், பழைய எர்கோமேட்டிக்கையே உயர்த்தி வைத்து 1973ல் மாரத்தான் என்று பெயர் சூட்டி விற்றார்கள். தானாக நின்றிருந்தால் லேலண்ட் அப்படிச் செய்திருக்குமா? உருப்படியான புது வண்டி, டி45 ரோட்டிரெய்ன், 1980ல்தான் வந்தது. 1981க்கான ஆண்டின் சிறந்த லாரி விருது அதற்குக் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் தாமதம்.

கிரீஸ்கை:
லேலண்டின் 500 வரிசை எஞ்சினையும் கார்க்காரனா செய்யச் சொன்னான்? சிலிண்டர் ஹெட்டே கழற்ற முடியாதபடி பிளாக்கோடு சேர்த்து வார்த்த எஞ்சின். வால்வைத் தொட வேண்டுமானால் எஞ்சினையே அடியிலிருந்து பிரிக்க வேண்டும். அதன் பெயரைச் சொன்னாலே பழைய மெக்கானிக்குகள் எழுந்து போய்விடுவார்கள். 1968ல் ஏஇசி கொண்டுவந்த வி8 எஞ்சின் இன்னொரு கதை. காகிதத்தில் பிரமாதம், ரோட்டில் பேரிங் போனது. இரண்டும் பிரிட்டிஷ் லேலண்ட் பிறப்பதற்கு முன்பே வரைபலகையில் இருந்தவை. அவசரப்பட்டு விற்றது கம்பெனியின் புத்தி.

எண்ணூர்க்காரர்:
நடுவில் ஒரு வார்த்தை. நான் சென்னை எண்ணூர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த இடம், லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு காமெட் லாரிக்கு மாறி 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட், பீவர், ஹிப்போ, டைட்டன் எல்லாம் லங்காஷயர் வரைபடம்தான். அங்கே பழசு என்று ஒதுக்கிய எஞ்சின் இங்கே வெயிலிலும் ஓவர்லோடிலும் எத்தனையோ வருஷம் ஓடியது. வண்டி மோசம் என்று மொத்தமாகச் சொன்னால் என்னால் ஒப்ப முடியாது. 500 எஞ்சினை வைத்து அதற்கு முன்னால் வந்த 600, 680 எஞ்சின்களையும் சேர்த்துத் திட்டாதீர்கள்.

கிரீஸ்கை:
ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவில் லாரி வாங்குபவனுக்கு வேறு என்ன கிடைத்தது? பெரும்பாலும் டாட்டா, இல்லாவிட்டால் லேலண்ட். அதுவும் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கியூவில் நிற்பது பிடித்ததற்குச் சாட்சி ஆகாது. இங்கேயும் அதே கதைதான். மான்செஸ்டர் பக்கம் பாட்ரிகிராஃப்டில் கார்ட்னர் ஆலை கேட்டவர்களுக்கெல்லாம் எஞ்சின் கொடுக்க முடியாமல் காக்க வைத்தது. அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். காத்திருந்து அலுத்தவன் வால்வோ டீலரிடம் போனான்.

எண்ணூர்க்காரர்:
பிடிக்காத வண்டியை நாலு தடவை எஞ்சின் பிரித்து மாட்டி மகன் கையில் கொடுக்க மாட்டான் சார் லாரிக்காரன். நாமக்கல், சங்ககிரியில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பழைய றைவர்:
தம்பிமார், நீங்கள் படிச்சதையும் பாத்ததையும் கதைக்கிறியள். நான் ஓடினனான். ஊரில இருந்து படிக்கவெண்டு வந்து, காசு முட்டுப்பட்டு லொறி ஏறின ஆள். எழுபதுகளின்ர கடைசி, வட இங்கிலாந்தில ஒரு சின்னக் கொம்பனி. எனக்குத் தந்தது ஒரு பழைய அட்கின்சன் போர்டரர், கார்ட்னர் 180. எஞ்சின் பெட்டி கேபினுக்கு நடுவில. இடப்பக்கத் தொடை வேகும், வலப்பக்கக் கால் கதவு நீக்கலால வாற காத்துக்கு விறைக்கும். மழை பெய்தால் முழங்காலில சொட்டும். சாக்கைச் சுத்திக்கொண்டு ஓடினவை இருக்கினம். கியர் மாத்த ரெண்டுதரம் கிளட்ச் மிதிக்கவேணும், கணக்குப் பிழைச்சால் ஏத்தத்தில நிண்டிடும். ஆனால் அந்த எஞ்சின் ஒருநாளும் என்னை றோட்டில விட்டதில்லை.

எனக்கு முந்தின ஆக்களின்ர கதை இன்னும் மோசம். 1957 வரைக்கும் பாரலொறிக்கு மணிக்கு 20 மைல்தான் சட்டம். எம்6 மோட்டர்வே 1970ல அந்தப் பக்கம் வாறதுக்கு முதல் மேற்குப் பக்கத்தால ஸ்கொட்லாந்துக்குப் போறவை ஏ6 றோட்டு வழியாலை ஷாப் மலை ஏறவேணும், 1,300 அடிக்கு மேல. பனி கொட்டினால் அங்கேயேதான் இருப்பு. ஊர்ச்சனம் வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்ததெண்டு சொல்லுவினம். அந்த றைவர்மாருக்கும் சோறு போட்ட சனத்துக்கும் சேர்த்து இப்ப அங்கே ஒரு நினைவுக்கல் நிக்குது.

தொழில் எண்டால் அது ஓட்டுறது மட்டும் இல்லை. புதுசா வாறவனை எங்கட முதலாளி ஓட்டச்சொல்லிப் பாக்கமாட்டார். ஒரு லோட்டுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டச்சொல்லித்தான் பாப்பார். கயிறை இழுத்து இறுக்கிற டொலி முடிச்சு போடத் தெரியாட்டி வீட்டை போ எண்டுவார்.

லங்காஷயர்வாசி:
இதைத்தான் அண்ணா நானும் சொல்ல வந்தேன். அந்தக் கைத்திறன், அந்த வண்டிமேல் பற்று, எல்லாம் வால்வோ வந்ததும் போயிற்று.

பழையகணக்கு:
கயிறு கட்டும் வேலையை ஒழித்தது வால்வோ அல்ல. பக்கத் திரையை இழுத்துப் பட்டையால் பூட்டும் டாட்லைனரைக் கொண்டுவந்தது செஷயரின் காங்கிள்டனில் இருந்த போஅலாய் கம்பெனி. நூறு சதம் பிரிட்டிஷ்.

அதைவிட, றைவர் ஐயா சொன்னதில் எல்லாரும் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது. லாரியைத் தேர்ந்தெடுத்தது முதலாளி. ஓட்டினது வேறு ஆள். சட்டம் மொத்த எடைக்குத்தான் வரம்பு வைத்தது. 1964க்குப் பிறகு ஆர்ட்டிக் வண்டிக்கு, அதாவது முன்வண்டியில் டிரெய்லரைக் கோத்து ஓட்டும் லாரிக்கு, 32 டன். வண்டியின் சொந்த எடை குறைந்தால் அந்த அளவுக்குக் கூடுதல் சரக்கு, கூடுதல் வாடகை. கட்டில், ஹீட்டர், இரும்புக் கேபின் எல்லாமே எடை. ஃபைபர்கிளாஸ் கேபினும் டீசல் குடிக்காத கார்ட்னரும் முதலாளியின் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தவை. டிரைவரின் தொடை வெந்தது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இது வடிவமைப்பாளரின் அறியாமை இல்லை, வாங்குபவன் கேட்டதைச் செய்து கொடுத்தார்கள். 1959ல் எம்1 மோட்டர்வே திறந்து, நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓட வேண்டிய காலம் வந்ததும் 150, 180 குதிரைச்சக்தி போதாமல் போனது. முதலாளியின் கணக்கே மாறியது. எஃப்88ல் 240.

கிரீஸ்கை:
அப்படியானால் கம்பெனிகளுக்குக் குற்றமே இல்லையா? கம்மின்ஸ் ஸ்காட்லாந்தின் ஷாட்ஸில் ஆலை போட்டு அதிக சக்தி எஞ்சினைக் கதவுக்கே கொண்டுவந்தது. அட்கின்சனும் ஈஆர்எஃப்பும் அதை வாங்கிப் பூட்டத்தான் செய்தார்கள். கேபினை மட்டும் தொடவில்லை. வாங்குபவன் கேட்கவில்லை என்பது சோம்பேறியின் சாக்கு.

பழைய றைவர்:
முதலாளி கணக்கெண்டு சொன்னது சரி. ஒருநாள் எங்கட கொம்பனி முற்றத்தில எஃப்88 ஒண்டு வந்து நிண்டுது. ஆரிட்டைத் திறப்பைக் குடுக்கிறது எண்டு பெரிய பிரச்சினை. கடைசியில மூத்த ஆளுக்குக் குடுத்தார். ரெண்டு பேர் அவரோட கதையை நிப்பாட்டிப்போட்டினம். ஒராள் வேலையை விட்டிட்டு வால்வோ வைச்சிருக்கிற வேறை கொம்பனிக்குப் போட்டார். அதுக்குப் பிறகுதான் முதலாளி அடுத்த வால்வோவுக்கு எழுதினவர். றைவர் கிடைக்காட்டி எந்தக் கணக்கும் ஓடாது.

நாட்டுடைமை பற்றியும் சொல்லவேணும். பிஆர்எஸ் ஆக்களைப் பாத்து எங்களுக்குப் பொறாமை. ஒழுங்கான சம்பளம், பென்சன், கன்ரீன். லங்காஷயர் தம்பி அதைப் பிசாசு மாதிரிச் சொல்லுறார்.

பழையகணக்கு:
அந்தப் பொறாமை பிறகு இன்னும் கூடியிருக்கும். பிஆர்எஸ், பிக்ஃபோர்ட்ஸ் எல்லாம் அடங்கிய தேசிய சரக்குக் கழகத்தை 1982ல் விற்றபோது 5.35 கோடி பவுண்டுக்கு வாங்கியவர்கள் அங்கே வேலை செய்தவர்களே. சேமிப்பைப் போட்ட லாரி டிரைவர்களின் பங்கு 1989ல் சந்தைக்கு வந்தபோது பல மடங்கு ஆகியிருந்தது.

லங்காஷயர்வாசி:
அதாவது அரசின் கையை விட்டுப் போன பிறகுதான் பணம் வந்தது. நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள், நன்றி.

கிரீஸ்கை:
பேச்சை மாற்றாதீர்கள். இன்று லேலண்ட் ஆலையில் என்ன செய்கிறார்கள்? டச்சுப் பெயர் போட்ட டாஃப் லாரி, அமெரிக்க பாக்கார் முதலாளி. அதே பாக்கார்தான் ஃபோடனை 1980ல் வாங்கி 2006ல் பெயரையே எடுத்தது. லங்காஷயர்க் கை இன்னும் நல்ல லாரி செய்கிறது. மேலிடம் மாறியதும் செய்ய முடிந்தது. போகட்டும், அடுத்த தடவை மைதானத்தில் அந்தத் தாத்தாக்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 1975ல் முதலாளியிடம் அவர்கள் எந்த வண்டி கேட்டார்கள்?

லங்காஷயர்வாசி:
கேட்காமலா இருப்பேன்? பாதிப்பேர் ஸ்கேனியா 110 என்றார்கள். ஆனால் இன்றைக்குச் சொந்தக் காசைப் போட்டுத் துடைத்துக் கொண்டுவருவது அட்கின்சனும் ஃபோடனும்தான். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய றைவர்:
தம்பி, போன கோடை நான் போன இடத்தில எஃப்88 மூண்டு நிண்டது. சனம் அதைச் சுத்தித்தான்.

லங்காஷயர்வாசி:
எந்த மைதானம்? அடுத்த வருஷத் தேதி தெரிந்தால் போடுங்கள் அண்ணா, நானே வந்து எண்ணிப் பார்க்கிறேன்.