புதுப்பிப்பு: பிஎஸ்ஏடி தேர்வும் மார்ச்சிங் பேண்ட் போட்டியும் ஒரே சனிக்கிழமையில்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 11ஆம் வகுப்பு மகளுக்கு பிஎஸ்ஏடியும் (அமெரிக்காவில் எஸ்ஏடி கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாக எழுதுவது), அணிவகுப்பு இசைக்குழுவான மார்ச்சிங் பேண்டின் போட்டியும் ஒரே நாளில் வருகிறதே, எதை விடுவது என்று கேட்டிருந்தேன். "பள்ளி கவுன்சிலரிடம் தேர்வுக்கு வேறு நாள் கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இப்போது கணினிவழித் தேர்வு என்பதால் அக்டோபர் மாதத்தில் பள்ளியே நாள் குறிக்கலாமாம். வார நாளில் எழுதிவிட்டாள். 'அடுத்த வருடம் எழுதட்டும்' என்பது சரிவராது. இந்தத் தேர்வை வைத்துத் தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குப் பொதுவாக 11ஆம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு.

எதிர்பாராதது ஒன்று: நேஷனல் மெரிட்டுக்கு, தேர்வின் மொத்த மதிப்பெண்ணான 1520க்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கி, கணிதத்தைக் கூட்டி, பத்தால் வகுக்கிறார்கள், உச்சம் 228. இவளோ கணிதத்தையே கட்டிக்கொண்டு அழுதாள்! நேஷனல் மெரிட் அரையிறுதிக்குத் தேர்வாக வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் (கட் ஆஃப்) மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தேர்வானவர்கள் பட்டியல் அடுத்த வருடம் செப்டம்பரில்தான். அப்புறம், பேண்டுக்கு மூன்றாம் இடம்.