திரையில் "-0.0" வருகிறது, ஆனால் 0-ஐவிடக் குறைவா என்று கேட்டால் இல்லை என்கிறது (சி மொழி)

பனிப்பெட்டி:
மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றுக்கு வெப்பநிலை காட்டும் சின்னப் பலகை செய்து கொடுத்திருக்கிறேன். சென்சார் தரும் ஃப்ளோட்டை (தசம எண்ணை) 10-ஆல் பெருக்கி, ரவுண்டு செய்து, திரும்ப 10-ஆல் வகுத்து, ஒரு தசம இடத்தோடு பிரிண்ட்எஃப் போட்டு அச்சிடுகிறேன். 0-க்குக் கீழே போனால் எழுத்து நீலமாக மாற வேண்டும். -0.04 மாதிரி ஏதாவது வந்தால் திரையில் "-0.0" என்று நிற்கிறது, நிறமோ மாறுவதில்லை. கிடங்குக்காரர் "மைனஸ் சைபர்னா என்ன தம்பி?" என்று கேட்கிறார், எனக்கே தெரியவில்லை.

சுட்டிக்காரன்:
இது பிழையே இல்லை. தசம எண்களைக் கணினியில் வைக்கும் ஐட்ரிபிள்இ 754 முறையில் ஃப்ளோட்டின் 32 பிட்டில் மேல் பிட் குறிக்கு (பிளஸா மைனஸா) மட்டும், அடுத்த 8 அடுக்குக்கு, மீதி 23 பின்னத்துக்கு. குறி பிட் தனியாக இருப்பதால் சுழியத்துக்கும் குறி உண்டு, +0.0, -0.0 இரண்டுமே இருக்கின்றன. -0.4-ஐ ரவுண்டு செய்தால் கிடைப்பது -0.0தான். ஒப்பிடும்போது இரண்டும் சமம், அதனால்தான் "குறைவா" என்பதற்கு இல்லை என்று வருகிறது, பிரிண்ட்எஃப் மட்டும் குறி பிட்டைப் பார்த்து மைனஸ் போட்டுவிடுகிறது. வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் 1.0-ஐ இரண்டாலும் வகுத்துப் பாருங்கள், ஒன்று பிளஸ் முடிவிலி, இன்னொன்று மைனஸ் முடிவிலி.

குறியைக் கேட்க சி99-இல் (சி மொழியின் 1999 தரநிலை) சைன்பிட் இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை, ரவுண்டு செய்த பிறகு 0.0-ஐக் கூட்டிவிடுங்கள், -0.0 + 0.0 என்பது +0.0 ஆகிவிடும். ரவுண்டுக்கு முன்னால் கூட்டிப் பயனில்லை, -0.04 அப்படியே -0.04 ஆகத்தான் இருக்கும்.

அரைப்புள்ளி:
சைன்பிட் பற்றி ஒன்று: உண்மை என்றால் அது 1 தரும் என்று நம்பாதீர்கள், 0 அல்லாத எதையும் தரலாம். இரண்டு எண்களின் குறி ஒன்றா என்று பார்க்க அதன் விளைவுகளை நேரடியாக ஒப்பிட்டு நான் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். அப்புறம், மைனஸை நீக்கித் தரும் ஏபிஎஸ் முழு எண்ணுக்கானது, -2.7 கொடுத்தால் 2 வரும். ஃப்ளோட்டுக்கு எஃப்ஏபிஎஸ்எஃப், அதைவிடத் துல்லியமான டபுளுக்கு எஃப்ஏபிஎஸ்.

பனிப்பெட்டி:
0.0 கூட்டினேன். லேப்டாப்பில் சரியாகிவிட்டது, பலகையில் ஏற்றினால் பழையபடி "-0.0". அதே நிரல்தான்!

சுட்டிக்காரன்:
பலகைக்கான மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் கட்டளைகள் உள்ள கோப்பு) ஃபாஸ்ட்-மேத் என்ற கம்பைலர் கொடி (விருப்பத் தேர்வு) இருக்கிறதா பாருங்கள்.

பனிப்பெட்டி:
இருக்கிறது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, வேகம் கூடும் என்று போட்டிருந்தார்கள்.

சுட்டிக்காரன்:
அதுதான் காரணம். சுழியத்தின் குறி எனக்கு முக்கியமில்லை என்று நீங்களே கம்பைலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், அப்புறம் 0.0 கூட்டுவது வீண் வேலை என்று அது தூக்கிவிடுகிறது. அந்தக் கொடியை எடுங்கள், நாட் எ நம்பர் (எண்ணே அல்லாத மதிப்பு) சோதனையையும் அது விழுங்கிவிடும், சென்சார் கழன்றால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அரைப்புள்ளி:
கொடியை எடுப்பது சரி, ஆனால் திரைக்குப் போகும் எண் எதற்காக ஃப்ளோட்டாக இருக்க வேண்டும்? 10-ஆல் பெருக்கி எல்ரவுண்டில் போட்டால் லாங் என்ற முழு எண் கிடைக்கும், முழு எண்ணில் மைனஸ் சுழியம் என்று ஒன்று கிடையாது. அதே லாங்கை வைத்து நிறத்தையும் முடிவு செய்யுங்கள், திரையும் நிறமும் வேறு வேறு பேசாது. அச்சிடும்போது 10-ஆல் வகுத்த ஈவு, புள்ளி, மீதி. மைனஸை மட்டும் முதலில் தனியாக அச்சிட்டுவிட்டு, எல்ஏபிஎஸ் (லாங்குக்கான ஏபிஎஸ்) போட்டு வகுங்கள், -4-ஐ அப்படியே வகுத்தால் ஈவு 0, மீதி -4.

பனிப்பெட்டி:
கடைசி வரியைப் படிக்காமல் ஏற்றிவிட்டேன். இப்போது கிடங்கில் வெப்பநிலை "0.-4". கிடங்குக்காரர் போன் செய்கிறார், மாற்றிவிட்டு வருகிறேன்.