திருகோணமலையில் பின்னேரம் மூன்று மணிக்குச் சோறு எங்கே கிடைக்கும்?

வவுனியாக்காரி:
ஆடி மாதம் ஐந்து பேர், வியாழன் முதல் சனி வரை உப்புவெளியில் நிற்கிறோம். அப்பாவுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மேப்பில் திறந்திருக்கு என்று காட்டும், போனால் பூட்டு என்கிறார்கள். புறாத்தீவு, கோணேஸ்வரம், கன்னியா மூன்றும் பார்க்க வேணும். எந்த நேரத்தை நம்புவது?

உவர்மலை:
மேப்பை விடுங்கோ அக்கா. கடற்கரைப் பக்கம் பாதிக்கடை சீசனுக்கு மட்டும் திறக்கிறவை. வாடை தொடங்க மூடிவிடுவார்கள், மேப்பில் நேரத்தை மாற்ற மாட்டார்கள். ஆடியில் அந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு இடிக்கப்போவது மத்தியானச் சோறு.

சாதாரண சாப்பாட்டுக்கடையில் சோறு ஒரு தடவைதான் வடிப்பார்கள். பதினொன்றரைக்குப் பார்சல் கட்டத் தொடங்கினால் இரண்டு மணிக்குக் கறிச்சட்டி வழிச்சாச்சு. கொத்துரொட்டித் தட்டு சூடாக ஆறு மணியாகும். நடுவில் ரோல்ஸ், மரக்கறி ரொட்டி, தேத்தண்ணி, அவ்வளவுதான். கடை திறந்துதான் கிடக்கும், சோறுதான் இராது. கடற்கரை ஹோட்டல்களில் மூன்று மணிக்கும் சமைத்துத் தருவார்கள், ஆனால் ஓடர் கொடுத்து முக்கால் மணித்தியாலம் இருக்க வேணும். அப்பா சாப்பாட்டுக்கு முந்திய மருந்தைப் போட்டுவிட்டு அங்கே காத்திருக்கக் கூடாது. பன்னிரண்டுக்கே டவுணில் பார்சல் எடுத்து வையுங்கோ.

கிண்ணியாப் பாலம்:
பார்சல் யோசனை வியாழனுக்குச் சரி, வெள்ளிக்கு அப்படியே சரிவராது. ஜும்மாவுக்கு முஸ்லிம் கடைகள் பன்னிரண்டு மணியளவில் ஷட்டர் இறக்கினால் ஒன்றரை, இரண்டுக்குத்தான் தூக்குவார்கள். நிலாவெளி வீதியில் அந்த நேரம் போனால் வரிசையாகப் பூட்டுத்தான். பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்துக் குனிந்து கூப்பிட வேண்டாம், உள்ளே கணக்குப் பார்க்கிற பெடியன் மட்டும்தான் இருப்பான். வெள்ளியில் பதினொன்றே முக்காலுக்கு முன் வாங்குங்கோ, அல்லது சைவக்கடை.

சல்லி:
புறாத்தீவை வியாழன் காலையில் முடியுங்கோ. நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்கள டிக்கெட் வேறு, வள்ளக்கூலி வேறு. வள்ளம் முழுசாகத்தான் பிடிக்க வேணும், ஐந்து பேர் என்றால் தாங்கும். மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறிக் கடல் கலங்கினால் முருகைக்கல் தெளிவாகத் தெரியாது. கூலியைப் பேரம் பேசித்தான் ஏற வேணும்.

கோணேஸ்வரம் உச்சிப்பூசை முடிய நடை சாத்துவார்கள், பின்னேரம்தான் திறப்பு. பன்னிரண்டரைக்குக் கோயில் இருக்கிற பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் போனால் மானைத்தான் பார்க்கலாம். கன்னியாவை விடியற்காலையில் வையுங்கோ, வெயில் ஏறின பிறகு வெந்நீர்க் கிணற்றில் யார் குளிப்பது!

வவுனியாக்காரி:
நன்றி. சனி போயா, பௌர்ணமி விடுமுறை என்று கலண்டரில் இருக்கு. அதனால் ஏதும்?

உவர்மலை:
வங்கி, அரச கந்தோர் பூட்டு. இறைச்சிக்கடை, சாராயக்கடை சட்டப்படி பூட்டு. சாப்பாட்டுக்குத் தொல்லை இல்லை, கோழி வேணுமென்றால் வெள்ளியே வாங்கிக் குளிரூட்டியில் வையுங்கோ. வள்ளக்காரரும் ஆட்டோக்காரரும் கார்ட் எடுக்க மாட்டார்கள், அன்று சனம் கூடி ஏ.டி.எம். காலியானால் அலைய நேரிடும். வெள்ளி பின்னேரமே டவுணில் காசு எடுங்கோ. அப்பாவின் மருந்து மூன்று நாளுக்கும் ஊரிலிருந்தே கொண்டு வாங்கோ.