குறைந்த செலவில் மொன்டானா மலையில் வசந்தகாலக் கரடி வேட்டை: போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரத்துப் பக்கம் இருக்கும் எங்களுக்கு வசந்தகாலக் கரடி வேட்டை சொந்த மாநிலத்தில் இல்லாமல் போய்விட்டது. 2022 நவம்பரில் வாஷிங்டன் மாநில வனவிலங்கு ஆணையம் வாக்கெடுத்து அதை நிறுத்தியது. இடாகோவைத் தாண்டினால் வரும் மொன்டானா மாநிலத்தில் ஏப்ரல் 15 அன்று சீசன் தொடங்கும். வழிகாட்டி வைத்துப் போனால் பல ஆயிரம் டாலர் ஆகும். நானும் வேலையிடத்து நண்பரும் ஒரே டிரக்கில், பெட்ரோல் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு, லோலோ தேசியக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கினோம். காட்டில் தங்க வாடகை கிடையாது. சமையல் எல்லாம் நாங்களே.

தவிர்க்க முடியாத செலவு லைசென்ஸ்தான். நாங்கள் வாங்கியபோது வெளிமாநிலத்தவருக்குக் கரடி லைசென்ஸ் மட்டும் 350 டாலர். அதற்கு முன்னால் வாங்க வேண்டிய சின்னச் சின்ன லைசென்ஸ்கள் தனி. கருங்கரடியையும் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியையும் பிரித்து அடையாளம் காணும் தேர்வில் தேறினால்தான் லைசென்ஸ் தருவார்கள். அதை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். சீசன் தொடங்கிய பிறகு லைசென்ஸ் வாங்கினால் 24 மணி நேரம் கழித்துத்தான் அது செல்லும். வெள்ளி இரவு கிளம்புகிறவர்கள் வாரநடுவிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

எப்போது போவது என்று பலர் கேட்கிறார்கள். குளிர்காலம் தூங்கிக் கழித்த குகையிலிருந்து முதலில் வெளியே வருவது ஆண் கரடிகள். அந்த வருடம் குட்டி போட்ட தாய்க்கரடிகள் கடைசியில்தான் வரும். ஏப்ரலில் போனால் பாதி சாலை பனியில் கிடக்கும், டிரக் மேலே ஏறாது. மே நடுவில் தெற்கு பார்த்த சரிவுகள் பச்சை கட்டிவிடும், ஆண் கரடிகளும் ஜோடி தேடி அலையத் தொடங்கும். ரொம்பத் தள்ளிப்போட்டால் மரத்தில் உரசி உரசித் தோலில் முடி கொட்டியிருக்கும். லீவு கொஞ்சம்தான் என்றால் மே மூன்றாம் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொன்டானாவில் இரை வைத்துக் கரடியை வரவழைப்பது சட்டவிரோதம். அதனால் உட்கார்ந்து தேட வேண்டியதுதான். மரம் வெட்டப் போட்டு, இப்போது கேட் போட்டு வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியிருக்கும் பழைய காட்டுச் சாலைகள் எங்களைப் போன்றவர்களுக்கு வரம். ஓரமெல்லாம் குளோவர், டேண்டிலியன் என்று கரடி தின்னும் செடிகள் முளைத்துக் கிடக்கும். கேட்டுக்கு உள்ளே இரண்டு மைல் நடந்துவிட்டால் ஆள் நடமாட்டமே இருக்காது. புல்லாகவே வெளியே வந்த மாதிரி ஈரமான பச்சை எச்சம் சாலையில் கண்ணில் பட்டால் அந்த இடத்தை விடாதீர்கள். எதிர்ச்சரிவைப் பார்த்து உட்கார்ந்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் 10x42 பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டி, மாலை முழுக்கப் பாருங்கள். புது ரைபிளுக்குப் போடும் பணத்தில் நல்ல பைனாகுலர் வாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அப்படி ஒரு மாலையில்தான் எதிர்ச்சரிவில் செம்பட்டை நிறத்தில் ஒரு கரடி வந்தது. அங்கே கருங்கரடி கருப்பாகத்தான் இருக்கும் என்றில்லை. பழுப்பு, செம்பட்டை, வைக்கோல் நிறம்கூட உண்டு. தோளில் திமில் இல்லை, முகம் நேராக இருந்தது, காது நீளமாக நிமிர்ந்து தெரிந்தது. ஆக கிரிஸ்லி இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் புல்லைக் கொத்தாகக் கடித்து இழுத்தது. வேர் மண் மூக்கில் ஒட்டியிருந்தது வரை தெரிந்தது. சுடும் தூரம், காற்றும் அங்கிருந்து எங்கள் பக்கம் வீசியது. நண்பர் சுட வேண்டிய முறை. அவர் சுடவில்லை, காத்திருந்தார். அரை மணி கழித்து விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு குட்டிகள் உருண்டு வந்தன. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தக் குட்டிகள் பிழைக்காது. தனியாகத் தெரிகிற எந்தக் கரடியையும் நன்றாக நேரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரைபிளைத் தொட வேண்டும் என்று எங்களுக்குள் அன்றே முடிவு செய்தோம்.

பிறகு இன்னொரு ஓடைப்பள்ளத்தில் கரிய ஆண் கரடி ஒன்று கிடைத்தது. பெரிய தலை, அதனால் காது சின்னதாக, இரண்டு பக்கமும் தள்ளித் தெரிந்தது. உடனே தோலை உரித்தோம். அடர்ந்த முடியும் கொழுப்பும் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், தாமதித்தால் கறி கெட்டுவிடும். ஆண், பெண் அடையாளத்தைத் தோலோடு விட்டுவைக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் மாநில வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். இரவோடு இரவாகத் துணிப்பைகளில் கறியைச் சுமந்து கேட் வரை வந்தோம்.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

*

இடாகோ மாநிலத்துப் போய்சி நகரத்திலிருந்து எழுதுகிறேன். இடாகோவில் பல பகுதிகளில் அனுமதி வாங்கி இரை வைக்கலாம். ஆனால் இரை சுமக்கவும் திரும்பத் திரும்பப் போய் வரவும் ஆகும் பெட்ரோலைக் கணக்குப் பார்த்தால் அது மலிவு இல்லை. நானும் உட்கார்ந்து தேடுகிற கட்சிதான்.

கறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரடிக் கறியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். வடக்கத்திக் கரடிகளில் இருக்கும் வகை ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. 2022-ல் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் 45 நாள் உறைய வைத்த கரடிக் கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டு நோயில் விழுந்தது. கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். நம் வீட்டில் இதற்குப் பெரிய பாடே இல்லை. குக்கரில் வேகவிட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுக்கா வறுத்துவிடுவோம். புல் தின்ற வசந்தகாலக் கரடிக் கறியில் வாடை குறைவு. கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெயில் என் மனைவி சுடும் பரோட்டாவைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அமெரிக்க நண்பர்கள் இருக்கிறார்கள்.

*

மொன்டானாவின் வடமேற்கில் கேபினட் மலைப் பக்கம் போகிறவர்களுக்காக. அங்கே கிரிஸ்லியும் உண்டு. பனி உருகும் ஓரத்தில் மஞ்சள் லில்லிப் பூக்கள் நிறைந்த ஒரு சரிவில் மண் அங்கங்கே புரட்டிப் போட்டுக் கிடந்தது. கிரிஸ்லி கிழங்கு தோண்டியிருக்கிறது. சேற்றில் முன்கால் தடம் இருந்தது: விரல்கள் கிட்டத்தட்ட நேர்கோட்டில், நகம் பதிந்த குழி விரலிலிருந்து என் சுட்டுவிரல் நீளத்துக்குத் தள்ளி. கருங்கரடித் தடத்தில் விரல்கள் வளைந்து நிற்கும், நகம் விரலை ஒட்டியே பதியும். அந்தச் சரிவை விட்டுவிட்டு அன்றே கேம்ப்பை அடுத்த பள்ளத்தாக்குக்கு மாற்றினோம். 1975 முதல் கிரிஸ்லி அங்கே பாதுகாக்கப்பட்ட விலங்கு. தெரியாமல் சுட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கரடியை விரட்டும் பெப்பர் ஸ்ப்ரேயைப் பையின் அடியில் போடாமல் இடுப்பில் மாட்டுங்கள். அது பத்து மீட்டர் வரைதான் எட்டும், எடுப்பதற்கு நொடிகள்தான் இருக்கும்.

*

இரண்டு பேருக்கும் நன்றி. அடுத்த மே மாதம் மொன்டானாவில் தாம்ப்ஸன் ஃபால்ஸ் ஊர்ப் பக்கம் போக நினைக்கிறோம். டிரக்கில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. அந்தக் கரடி அடையாளத் தேர்வை எழுதி முடித்தவராக இருந்தால் சொல்லுங்கள், பெட்ரோலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.