விமான நிலைய மெட்டார் குறியீடும் அப்பா சொல்வதும் ஒத்துவரவில்லை, எங்கே தவறு?

முட்டத்துப் பெண்:
வணக்கம். அப்பா வள்ளத்தில் சாளை வலைக்குப் போகிறவர். 2017 ஓகிப் புயலுக்குப் பிறகு, அவர் கடலில் இருக்கும் ராத்திரிகளில் எனக்கு உறக்கம் வருவதில்லை. கிடைக்கிற வானிலைத் தகவலையெல்லாம் பார்ப்பேன். அப்படித்தான் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் மெட்டார், அதாவது விமானங்களுக்காகக் குறியீட்டில் எழுதும் வானிலை அறிக்கை, கண்ணில் பட்டது. இன்று பார்த்தது இது. எழுத்துகளைத் தமிழில் மாற்றியிருக்கிறேன்:

விஓடிவி 120330இசட் 31012கேடி 3000 -ஆர்ஏ எஸ்சிடி010 எஃப்இடபிள்யூ025சிபி ஓவிசி080 26/25 க்யூ1008 நோசிக்

12ஆம் தேதி அதிகாலை 3.30க்கு மழை, காற்று வடமேற்கு நோக்கிப் போகிறது, அதிக வெப்பம் 26, குறைந்தது 25 என்று படித்தேன். அப்பாவோ, "மூன்றரைக்கு மானத்தில் வெள்ளி தெரிஞ்சுது, மழையே இல்ல" என்கிறார். காற்றும் கச்சான் (மேற்கு) பக்கமிருந்துதான் வந்ததாம். 3000 என்பது என்ன என்றும் புரியவில்லை.

நாகர்கோவில் வானம்:
தங்கச்சி, அப்பா சொன்னது சரி. 120330இசட் என்பதில் 12 தேதி, 0330 நேரம், கடைசியில் இருக்கும் இசட் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டவேண்டும். அதாவது காலை 9.00. புதிதாகப் படிக்கிற எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

காற்றின் எண் அது வரும் திசை, போகும் திசை அல்ல. மேற்கு 270, வடக்கு 360. 310 என்றால் கச்சானுக்கும் வாடைக்கும் நடுவிலிருந்து வருகிறது. 12 நாட், கிட்டத்தட்ட மணிக்கு 22 கிலோமீட்டர்.

3000 என்பது கண்ணுக்குத் தெரியும் தூரம், மீட்டரில். மழையில் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மங்கல். 9999 என்று வந்தால் பத்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ தெரிகிறது. ஆர்ஏ மழை, முன்னால் கழித்தல் குறி இருந்தால் லேசான மழை.

மேகத்துக்கு வானத்தை எட்டுப் பங்காக்குவார்கள். எஃப்இடபிள்யூ ஒன்றிரண்டு பங்கு, எஸ்சிடி மூன்று நான்கு, பிகேஎன் ஐந்திலிருந்து ஏழு, ஓவிசி முழுவதும் மூடல். கூடவரும் எண்ணோடு இரண்டு சுழி சேர்த்தால் அடி. 010 என்றால் ஆயிரம் அடி. நீங்கள் விட்டுவிட்டது 025சிபி. சிபிதான் இடி மேகம். கடலில் ஆள் இருக்கும்போது முதலில் அதைத் தேடுங்கள். இடி விழத் தொடங்கினால் டிஎஸ் என்று வரும்.

26 அப்போதைய வெப்பம், 25 பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம். இரண்டும் இவ்வளவு நெருங்கினால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. க்யூ காற்றழுத்தம். நோசிக், அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்கவில்லை.

முட்டத்துப் பெண்:
ரொம்ப நன்றி அண்ணா. காலை 9 மணி என்றால் பொருந்துகிறது! ஏலம் முடிகிற நேரம் இங்கேயும் தூறியது, கூடை மேல் தார்ப்பாய் போட்டோம். அப்படியானால் அங்கே மழை என்று வந்தால் இங்கேயும் மழை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆரல்வாய்மொழி வாத்தியார்:
மக்களே, அப்படி எடுக்காதே. மெட்டார் அந்த விமான நிலையத்தையும் அதைச் சுற்றி எட்டு கிலோமீட்டரையும் பற்றியது. முட்டம் அங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இன்றைக்கு ஒத்துவந்தது, நாளைக்கு வராது. எங்கள் ஊரையே பார். மலை இடைவெளியில் பிதுங்கி வரும் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். திருவனந்தபுரத்து எண்ணில் அது தெரியாது.

இன்னொன்று. மெட்டார் முன்னறிவிப்பு கிடையாது, நடந்ததைச் சொல்வது. கடைசி வார்த்தையில் இருக்கும் இரண்டு மணி நேரம் மட்டும்தான் வரப்போவது.

முட்டத்துப் பெண்:
சரி சார். அலை எவ்வளவு என்று அதில் எங்கே பார்ப்பது?

நாகர்கோவில் வானம்:
அதில் அலையே கிடையாது தங்கச்சி. விமானத்துக்குத் தேவையானதைத்தான் எழுதுவார்கள். கள்ளக்கடலை நினைத்துப் பாருங்கள். தெற்கே தொலைதூரக் கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையில் ஏறும். அன்றைய மெட்டார் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அலைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பாருங்கள். அப்பா போகலாமா வேண்டாமா என்பதற்கு வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை. மெட்டார் மூன்றாவதுதான்.

முட்டத்துப் பெண்:
சாயங்காலம் ஒன்று நானாகவே படித்தேன்: 121200இசட் 29016ஜி28கேடி. மாலை 5.30. மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி 16 நாட், இடையிடையே 28 வரை வீச்சு, அதாவது மணிக்கு 52 கிலோமீட்டர். சரிதானே? மீனவர் எச்சரிக்கையும் வந்திருந்தது. சொல்லலாம் என்று கரைக்குப் போனால், அப்பாவும் சித்தப்பாவும் ஏற்கெனவே வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து முடித்திருந்தார்கள்.

நாகர்கோவில் வானம்:
முழுக்கச் சரி. ஜி என்பது வீச்சுதான்.