டோகன் ஏ.டி.யின் பதினொன்று மணி தாளமா? அப்துல் வதூதின் செலோ குறித்து ஒரு வழக்கு

செக்காலை மீனாள்:
நேற்று வீணையைப் பற்றிய பேச்சின் நடுவே பள்ளத்தூரான் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "அப்துல் வதூத் என்ற செலோக்காரரை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள்? அவர் பெயர் நிற்பது 'டோகன் ஏ.டி.' என்ற ஒரே உருப்படியால். அதில் வரும் 11 நம்முடைய மணி தாளம். தேவகோட்டைப் பக்கத்துத் தவில்காரர் எவரும் அதைத் தூக்கத்தில் வாசிப்பார்."

படித்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. நிமிர்த்தி வைத்து வில்லால் இழுக்கிற பெரிய வயலின் போன்ற செலோவை 14 ஆண்டுகளாக வாசிக்கிறேன். அந்த மனிதரை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போக விடமாட்டேன்.

வதூத் 1947இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் ரொனால்ட் டிவான். ஓபர்லினில் படித்தார், ஸ்டோனி புரூக்கில் முதுகலை முடித்தார், நியூ ஜெர்சி சிம்பொனியில் வாசித்தார். முறையான செவ்வியல் பயிற்சி எல்லாம் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருக்கலாம். அவர் போய் நின்ற இடம் வேறு. 1972 பிப்ரவரியில் செயிண்ட் லூயிஸில் ஜாஸ் இசைஞர் ஜூலியஸ் ஹெம்பில் தன்னோடு சேர்த்து நால்வராக அந்த 'டோகன் ஏ.டி.'யை ஒலிப்பதிவு செய்தார்: ஹெம்பிலின் ஆல்டோ சாக்ஸபோன், பைகிடா கரோலின் டிரம்பெட், பிலிப் வில்சனின் டிரம்ஸ், வதூதின் செலோ. அடித்தளச் சுரத்தைத் தாங்கும் பாஸ் கிடையாது, பியானோ கிடையாது. பதினான்கு நிமிடங்களுக்கு மேல் அந்தச் செலோதான் தரையைத் தாங்குகிறது. வில் தந்தியை உழுகிற ஓசை அது, மெருகு போடாத ஓசை. கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பள்ளத்தூரான்:
கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன், ஆச்சி. எண்ணியும் பார்த்தேன். 11 வருகிறது. ஒரு சுற்றுக்கு 11 அட்சரம், அதாவது 11 எண்ணிக்கை, என்றால் மணி. திசுர சாதி துருவ தாளம், தட்டி விரலெண்ணும் லகுவும் தட்டி வீசும் துருதமும் சேர்ந்தது: லகு 3, துருதம் 2, லகு 3, லகு 3. கூட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஓபர்லின், நியூ ஜெர்சி எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

தவில் பேரன், தேவகோட்டை:
என் தாத்தா நகரத்தார் கல்யாணங்களில் மூன்று நாள் தொடர்ந்து வாசித்தவர். தூக்கத்தில் வாசிப்பார் என்ற பேச்சை முதலில் திரும்பப் பெறுங்கள். தவிலைத் தூக்கத்தில் எவரும் வாசித்ததில்லை. விரல் கூட்டை மாட்டிப் பாருங்கள், தூக்கம் எங்கே போகிறது என்று தெரியும்.

பள்ளத்தூரான்:
தம்பி, அது உங்கள் தாத்தாவை உயர்த்திச் சொன்ன பேச்சு. 11 என்றால் மணி. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கோவிலூர் வீணை:
பதில் நான் சொல்கிறேன். நம் அடிப்படைத் தாளங்களான சுளாதி ஏழையும், லகுவின் நீளத்தை வைத்து, ஐந்து சாதிகளாகப் பிரித்தால் வருவது 35. அதில் 11 அட்சரம் உள்ளவை மூன்று. மணி ஒன்று. சங்கீர்ண சாதி ரூபகம் 2+9, அதன் பெயர் பிந்து. மிசுர சாதி திரிபுடை 7+2+2, அதன் பெயர் லீலை. கூட்டுத்தொகையை மட்டும் வைத்து இது மணி என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? தாளத்துக்கு உயிர் அங்கத்தில், அதாவது லகுவும் துருதமும் நிற்கிற வரிசையில், இருக்கிறது. அடகுக் கடைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

பள்ளத்தூரான்:
என் பாட்டனார் பர்மாவில் சொந்தக் கடை போட்டுக் கணக்கு எழுதியவர். கணக்கைக் கேவலமாகப் பேசாதீர்கள். பேரேடு இல்லாமல் நீங்கள் வீணை வாசிக்கிற அந்த முகப்பு எழும்பியிருக்காது. பிந்துவாகட்டும், லீலையாகட்டும், எல்லாம் நம் தாளம்தானே? என் வாதம் இன்னும் வலுவாகிறது.

செக்காலை மீனாள்:
பார்த்தீர்களா? காலையில் மணி, மதியம் பிந்து, மாலைக்குள் 35 தாளமும் உங்களுடையது ஆகிவிடும். நான் வதூதைப் பற்றி எழுதினேன். நீங்கள் 11ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். இருக்கட்டும், 11க்கே வருகிறேன். டோகன் என்பது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் வாழும் ஓர் இன மக்களின் பெயர். அவர்கள் நடனத்தை நினைத்து ஹெம்பில் வைத்த தலைப்பு அது. தன் இசை எங்கே பார்க்கிறது என்று அவர் தலைப்பிலேயே எழுதிவிட்டார். அதன் மேல் நீங்கள் ஏன் வேறு பெயர்ப்பலகை மாட்டுகிறீர்கள்?

ஹெம்பில் டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தில் வளர்ந்தவர். அந்த உருப்படியில் ஊறிக்கிடப்பது கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசை. எண்ணிக்கை 11 ஆக இருந்தும் கால் தானாகத் தட்டுகிறது என்றால் அதற்குக் காரணம் வதூதின் வில். இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரே எடையை வைக்கிறார். செலோ வாசிக்கிறவர்களைக் கேளுங்கள், பத்து நிமிடத்தில் தோள் இற்றுவிடும். அவர் சுற்று குலையாமல் கடைசி வரை போகிறார். இதைத்தான் நான் உழைப்பு என்கிறேன், மேதைமை என்கிறேன்.

பள்ளத்தூரான்:
தோள் வலிக்கு நான் வைத்தியர் அல்ல. மிருதங்க வித்வான் காரைக்குடி மணி அவர்கள் ஆஸ்திரேலிய ஜாஸ்காரர்களோடு வாசித்தாரா இல்லையா? அவர்கள் நம் லயக் கணக்கைத் தேடி வந்தார்களா இல்லையா? ஒருவர் வந்து கற்றார் என்றால் இன்னொருவரும் கற்றிருப்பார். 11 நம்முடையது.

கானாடுகாத்தான் இசைத்தட்டு:
காரைக்குடி மணி அவர்களோடு வாசித்த ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கியதே 1994இல். டோகன் பதிவானது 1972இல். 22 ஆண்டு பின்னால் நடந்ததைக் காட்டி முன்னால் நடந்ததற்குக் காரணம் சொல்கிறீர்கள்.

போகட்டும், மீனாள் ஆச்சியிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சென்ற மாதம் வேறொரு இடத்தில் வதூதை ஜாஸின் முதல் செலோக்காரர் என்று எழுதினீர்கள். அது தவறு. ஆஸ்கார் பெட்டிஃபோர்ட் பாஸ் வாசித்தவர், 1949இல் கை முறிந்த பிறகு செலோவை எடுத்து விரலால் மீட்டினார். 1955இல் சிகோ ஹாமில்டன் குழுவில் ஃபிரெட் காட்ஸ் வில்லாலேயே வாசித்தார்.

செக்காலை மீனாள்:
நான் முதல்வர் என்று எழுதவில்லை. முதன்மையானவர் என்று எழுதினேன். பெட்டிஃபோர்டையும் காட்ஸையும் நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் பாஸ் வாசிக்கவும் ஆள் இருந்தது. வதூதுக்கு டோகனில் அந்தத் தூண் இல்லை.

கானாடுகாத்தான் இசைத்தட்டு:
முதல் என்றுதான் எழுதினீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தவில் பேரன், தேவகோட்டை:
தூக்கத்தில் என்ற சொல் இன்னும் அங்கேயே நிற்கிறது.

பள்ளத்தூரான்:
சரி, ஜாஸ் பியானோக்காரர் விஜய் ஐயருக்கு வாருங்கள். தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. 2009இல் தன் குழுவோடு இதே உருப்படியை ஏன் எடுத்து வாசித்தார்? உலகத்தில் வேறு உருப்படியே இல்லையா? நம் இரத்தம் நம் 11ஐ அடையாளம் கண்டது. அவ்வளவுதான்.

செக்காலை மீனாள்:
விஜய் ஐயர் வாசித்தது ஹெம்பிலை மதித்து. நியூயார்க் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தன் முன்னோடியின் இசையை எடுத்து வாசிக்கிறார், நீங்கள் அங்கேயும் போய் இரத்தம் என்கிறீர்கள். அந்தக் குழுவில் பியானோ, பாஸ், டிரம்ஸ். செலோ இல்லை. பேச்சு செலோவைப் பற்றியது.

பள்ளத்தூர் அண்ணன் ஏன் இவ்வளவு முரண்டுபிடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். போன மாசியில் கல்யாண வீட்டில், வளவைச் சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, நான் செலோ வாசித்தபோது "அச்சுக்கு மை போடாத வண்டி" என்று சத்தமாகச் சொன்னவர் இவர். என் மகள் காதில் அது விழுந்தது. அன்று அழுத பிள்ளை இன்னும் மேடையேற மறுக்கிறாள். நான் மறக்கவில்லை.

பள்ளத்தூரான்:
வில்லின் கரகரப்பைச் சொன்னேன். கல்யாண வீட்டில் நாதசுரம் ஒலித்த இடத்தில் அது ஒட்டவில்லை. இப்போதும் சொல்வேன். பிள்ளை அழுதது எனக்குத் தெரியாது.

கோவிலூர் வீணை:
நாதசுரத்துக்குப் பக்கத்தில் வேறு எதுவும் ஒட்டாது என்பவர் காரைக்குடிக்காரர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. காரைக்குடி சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார். தம்பி சாம்பசிவ ஐயர் படுக்கவைத்து வாசித்தார். ஒரே மேடையில் இரண்டு பிடிப்பு. குன்னக்குடி வைத்தியநாதன் வயலினுக்குப் பக்கத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை உட்கார வைத்தார். இந்த மண் புதுமைக்கு இடம் கொடுத்த மண். மீனாள் ஆச்சியின் செலோவும் நிமிர்ந்து நிற்கிற வாத்தியம்தான்.

பள்ளத்தூரான்:
குன்னக்குடியை ஜாஸோடு சேர்க்காதீர்கள். அவர் மேடையேறியபோதெல்லாம் கடைசி வரிசை வரை கை தட்டியது. உங்கள் வதூதுக்கு எத்தனை பேர் கை தட்டினார்கள்? 1977இல் ஒரு தனி இசைத்தட்டு. அதையும் சொந்தச் செலவில் போட்டார். அதற்குப் பிறகு?

செக்காலை மீனாள்:
அதற்குப் பிறகா? எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"பை மைசெல்ஃப்" என்ற அந்த இசைத்தட்டைத் தன் சொந்த நிறுவனமான பிஷாராவில் வெளியிட்டார். எவனும் கைவைக்காதபடி தன் இசையைத் தானே வெளியிட்டதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள், பர்மாவில் சொந்தமாகக் கடை போட்டவரின் பேரன்! ஒரு செலோ, ஒரு மனிதர், வேறு எதுவும் இல்லை. ஒரு கட்டத்தில் கித்தார் போல மீட்டுகிறார், ஒரு கட்டத்தில் பாஸ் போல நடக்கிறார், பிறகு வில்லை எடுத்து மனிதக் குரல் போல முனகவிடுகிறார். வயலின்காரர் லெராய் ஜென்கின்ஸோடு இரண்டு பேராக வாசித்தார். ஆர்தர் பிளைத்தின் குழுவில் செலோவும் டியூபாவும் கித்தாரும் சேர்ந்த அந்த விசித்திரமான சேர்க்கையில் இருந்தார். ஆந்தனி டேவிஸின் பியானோ, ஜேம்ஸ் நியூட்டனின் புல்லாங்குழல், இவருடைய செலோ, மூவரும் சேர்ந்தபோது டிரம்ஸே தேவைப்படவில்லை. 1990களில் மேடையை விட்டு ஒதுங்கினார். 2022 ஆகஸ்டில் காலமானார். அடுத்த ஆண்டே அந்தத் தனி இசைத்தட்டைக் கிளீவ்லாந்தில் மீண்டும் அச்சிட்டார்கள். ஜாஸில் இன்று செலோவை எடுத்து நிற்கும் டோமெக்கா ரீட், அவரைத் தேடிப்போய்ப் பேசிப் பதிவு செய்தவர். மகன் ரஹீம் டிவான் பாடகர்.

கை தட்டியவர்களை எண்ணுகிறீர்கள். நாங்கள் இருவர், அம்மாவும் மகளும், கானாடுகாத்தானிலிருந்து இரவல் வாங்கி வந்த இசைத்தட்டைப் பட்டாலையில் ஆத்தங்குடித் தரையில் உட்கார்ந்து கேட்டோம். கை தட்டவில்லை. முடிந்ததும் முள்ளைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தோம்.

கானாடுகாத்தான் இசைத்தட்டு:
இரவல் வாங்கியது என்னிடம். இரண்டு மாதம் ஆகிறது. உறை ஓரம் மடங்காமல் திருப்பித் தாருங்கள். போன முறை வேறொன்று மடங்கி வந்தது.

செக்காலை மீனாள்:
அந்த உறை மடங்கியபடிதான் வந்தது. அப்போதே சொன்னேன்.

பள்ளத்தூரான்:
இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், ஆச்சி. 11க்கு ஒரு சொல் இல்லை. மணியா, பிந்துவா, லீலையா, நீங்களே சொல்லுங்கள். மூன்றில் எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

கோவிலூர் வீணை:
மூன்றும் இல்லை என்பதுதான் பதில். தாளத்தில் பாட்டு தொடங்குகிற எடுப்பு எங்கே, அங்கம் எங்கே, கையால் போட்டுக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலூர் மடத்துக்கு எதிரே வருகிறேன். எல்லோர் முன்னாலும் லகு, துருதம் போட்டுக்கொண்டே அந்தப் பதினான்கு நிமிடத்தையும் உட்கார்ந்து கேளுங்கள்.

பள்ளத்தூரான்:
வருகிறேன். 11தான் வரும்.

தவில் பேரன், தேவகோட்டை:
நானும் வருகிறேன். தாளத்துக்காக வரவில்லை. தாத்தாவைப் பற்றி எழுதிய அந்தச் சொல்லை நேரில் திரும்பப் பெற வேண்டும்.

செக்காலை மீனாள்:
நான் செலோவோடு வருகிறேன். மகளையும் அழைத்து வருகிறேன். அவள் முன்னால் அந்த வண்டி அச்சுப் பேச்சை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள், அண்ணன்.